ஒரு பாக்கெட்டுக்கு 70 சென்ட்

நேற்று தூக்கம் வராமல் ஒரு பழைய வழக்கைத் தேடிப் படித்தேன். 1990களில் அமெரிக்காவின் வட கரோலினாவில் நடந்த சிகரெட் கடத்தல் பற்றியது.

அங்கே அப்போது ஒரு பாக்கெட் சிகரெட்டுக்கு மாநில வரி 5 சென்ட். மிச்சிகனில் 75. இந்த வித்தியாசம்தான் தொழிலே. வட கரோலினாவின் ஷார்லட் நகரத்துக் கும்பல் ஒன்று சிகரெட்டை வேன் வேனாக மிச்சிகனுக்கு ஏற்றிப்போய், அந்த மாநில வரியைக் கட்டாமல் விற்றது. லாபத்தில் கொஞ்சம் லெபனானின் ஆயுத அமைப்பான ஹெஸ்புல்லாவுக்குப் போனது.

கடத்தலை முதலில் மோப்பம் பிடித்தது உளவுத்துறை இல்லை! புகையிலைக் கடையில் ஓய்வு நேரத்தில் காவலுக்கு நின்ற உள்ளூர் போலீஸ்காரர். பை நிறையப் பணத்தோடு வந்து சிகரெட்டை அள்ளிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தார். அவருக்கு அது வெறும் கடத்தலாகத்தான் பட்டது. சிகரெட் கடத்தல் என்றால், 'வரிதானே, அரசாங்கத்துக்குத்தானே நஷ்டம்' என்று நானும் இத்தனை நாள் அலட்சியமாகத்தான் இருந்தேன்.

2000 ஜூலையில் கைதுகள். 2002இல் கும்பல் தலைவர் முகமது ஹமூத் குற்றவாளி என்று ஜூரி சொன்னது. கடத்தியது பல மில்லியன் டாலர் சரக்கு. ஹெஸ்புல்லாவுக்கு அவர் அனுப்பியதாக வழக்கில் காட்டப்பட்டதோ 3,500 டாலர். தண்டனை 155 ஆண்டு. பிறகு அதை 30 ஆண்டாகக் குறைத்தார்கள். குறைத்தது சரி என்றே எனக்குப் படுகிறது.