கோயில் காளையும் குடிநீர்க் குழாயும்

அலங்காநல்லூர் என்றதும் நேயர்களுக்கு ஜல்லிக்கட்டுத்தான் ஞாபகம் வரும். வாடிவாசலிலிருந்து முதன் முதலில் வெளிவருவது கோயில் காளை. அதை ஒருவரும் பிடிப்பதில்லை. ஏனெனில் அது ஊருக்குச் சொந்தம். பொதுச் சொத்து என்றால் கேட்பாரற்ற சொத்து அல்ல, எல்லோரும் கேட்கக்கூடிய சொத்து என்பதை அந்த வழக்கம் நமக்கு நன்றாகப் போதிக்கிறது. மாட்டின் விஷயத்தில் செல்லுபடியாகும் இந்த நியாயம் தண்ணீரின் விஷயத்தில் ஏன் செல்லுபடியாவதில்லை?

ஒரு காலத்தில் ஆகித்தான் இருந்தது. ஏரி, கால்வாய்களை ஊராரே கூடித் தூர் வாரிக் கரை கட்டிய குடிமராமத்து நம் நாட்டின் பழைய ஏற்பாடு. 1858-ல் சென்னை ராஜதானியில் பிறந்த கட்டாய உழைப்புச் சட்டம், மனமுவந்து செய்துவந்த அந்தக் காரியத்தைத் தண்டனைக்கு அஞ்சிச் செய்யும் காரியமாக்கிற்று. 1895-ல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து வைகைக்கு வந்தது. மதுரைச் சீமைக்கு அது பெரும் பாக்கியம், ஐயமில்லை. ஆனால், தண்ணீர் கொடுப்பது சர்க்காரின் வேலை, வாங்கிக்கொள்வது நம் வேலை என்ற எண்ணமும் ஜனங்களிடையே மெல்ல மெல்ல வேரூன்றிவிட்டது.

குடிநீர் விஷயத்தில் இதன் பலனை நாம் கண்ணாரக் கண்டோம். அலங்காநல்லூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் மேல்நிலைத் தொட்டி கம்பீரமாக நின்றது. உள்ளே ஒரு சொட்டு நீர் இல்லை. மோட்டார் எரிந்துபோய்ப் பல நாளாயிற்றாம். பெண்கள் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குடங்களுடன் வயல்வெளிப் பம்புசெட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள்.

"எழுதிப் போட்டிருக்கிறோம்" என்றார் ஒரு பெரியவர்.

"யாருக்கு?" என்று கேட்டோம்.

அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர் தொட்டியைப் பார்த்தார்.

இந்தக் குறையைச் சர்க்காரும் உணராமலில்லை. 2002-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய ஸ்வஜல்தாரா திட்டத்தில் செலவில் 90 பங்கைச் சர்க்காரும் 10 பங்கை ஊராரும் ஏற்பது என்று ஏற்பாடாயிற்று. 2017-ல் தமிழ்நாட்டில் குடிமராமத்து மீண்டும் உயிர் பெற்றபோதும் விவசாயிகள் பத்தில் ஒரு பங்கைப் பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ தரலாம் என்றார்கள். 2019-ல் வந்த ஜல் ஜீவன் திட்டம், ஆளொன்றுக்குத் தினம் 55 லிட்டர் நீரை வீட்டுக் குழாயிலேயே தருவதை நோக்கமாகக் கொண்டது. அதைப் பராமரிக்க ஊர்தோறும் ஒரு குழு; குழுவில் பாதிப்பேர் பெண்கள் என்பது விதி.

பத்தில் ஒரு பங்கு அற்பத் தொகைதானே என்று தோன்றலாம். நம் அபிப்பிராயத்தில் அது தொகையே அல்ல. கேள்வி கேட்கும் உரிமைக்குக் கொடுக்கும் விலை. தன் கூலியை ஒரு நாள் விட்டுப் பள்ளம் தோண்டியவன், மோட்டார் எரிந்தால் சும்மா இருப்பானா?

ஆனால் ஓர் எச்சரிக்கை. "ஊர் உங்களுடையது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சர்க்கார் கை கழுவிவிடவும் கூடாது. நிலத்தடி நீர் வற்றினால் ஒரு சிற்றூர் என்ன செய்ய முடியும்? பெரிய பழுதுகளும், நீரின் சுத்தமும், வறட்சிக் காலத்து மாற்று ஏற்பாடும் சர்க்காரின் பொறுப்பே. அதோடு, குழு என்ற பெயரில் பெரிய வீட்டுக்காரர் நால்வர் சாவியை வைத்துக்கொண்டால், கடைசித் தெருக் குழாய்க்குக் கடைசியில்தான் தண்ணீர் வரும். சில நாள் அதுவும் வராது. ஆகவே கணக்கும் சாவியும் கிராம சபையின் பார்வையில் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் மார்ச் 22-ஆம் தேதி, உலகத் தண்ணீர் தினத்தன்று, கிராம சபை கூடுவதென்று இப்போது ஏற்பாடு இருக்கிறது. பட்டணத்தில் வசிக்கும் நேயர்களில் சொந்த ஊர் இல்லாதவர் சொற்பம். ஊரிலுள்ள அண்ணனுக்கோ அத்தைக்கோ இன்றே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அன்று சபைக்குப் போய், தொட்டியின் வரவு செலவு என்ன, மோட்டார் பழுதானால் பொறுப்பு யாருக்கு, கடைசித் தெருவில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது என்று மூன்றே மூன்று கேள்விகள் அவர்கள் கேட்கட்டும். பதில் கிடைக்கும்வரை எழுந்திராமல் உட்கார்ந்திருக்கட்டும்.