செவி தாங்கிய காப்பியம்

1652ஆம் ஆண்டளவில் ஆங்கிலக் கவிஞர் ஜான் மில்டன் பார்வையை முற்றிலும் இழந்தார். 1660இல் இங்கிலாந்தில் முடியாட்சி மீண்டும் நிலைபெற்றபோது, அதனை எதிர்த்து எழுதிய அவர் சிறைப்பட்டார். அவருடைய நூல்கள் சில எரிக்கப்பட்டன. எனினும், பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட அடிகளைக் கொண்ட ‘இழந்த சொர்க்கம்’ என்னும் காப்பியத்தைப் பிறரிடம் வாய்மொழியாகச் சொல்லி எழுதுவித்தார். அது 1667இல் வெளிவந்தது. எழுதியதைத் திரும்பப் பார்க்கவியலாத ஒருவருக்கு எது பற்றுக்கோடாக அமைந்தது? இவ்வினா என்னை நெடுங்காலம் ஈர்த்தது. விடை தேடி அக்காப்பியத்தை வாய்விட்டுப் படிக்கலானேன்.

தமிழ்ச் செவிக்கு ஒலியின் நீளம் எளிதில் புலப்படும். ‘படம்’, ‘பாடம்’ ஆகிய சொற்கள் குறில் நெடிலால் வேறுபடுகின்றன. நேரசையும் நிரையசையும் குறில், நெடில், ஒற்று ஆகியவற்றைக் கொண்டே அமைகின்றன. ஆங்கில யாப்போ அழுத்தத்தை அடிப்படையாகக் கொண்டது. ‘ஆப்ஜெக்ட்’ என்னும் சொல்லின் முதல் அசையை அழுத்தினால் ‘பொருள்’ என்றாகும். இரண்டாம் அசையை அழுத்தினால் ‘எதிர்ப்புத் தெரிவி’ என்றாகும். மென்மையான ஓரசையை அடுத்து அழுத்தமான ஓரசை வருவது ‘அயாம்ப்’ என்னும் சீர். அது தலைகீழாக அமைந்தால் ‘ட்ரோக்கி’. அயாம்ப் ஐந்து தொடர்ந்து வரும் பத்தசை அடியையே மில்டன் கையாண்டார்.

அடியிறுதி இயைபை அவர் விலக்கினார். அதற்கான காரணத்தை 1668இல் நூலோடு சேர்த்த குறிப்பில் விளக்கினார். ஆகவே, அடியைத் தாங்கும் பொறுப்பு ஓசையின்மேல் விழுந்தது. பக்கம் பக்கமாகப் படிக்கையில், ஐந்தாம் அழுத்தத்தை என் செவி முன்கூட்டியே எதிர்பார்க்கத் தொடங்கியது. அவ்வெதிர்பார்ப்பு நிலைபெற்ற பின்னர், சில அடிகளின் தொடக்கத்தில் ட்ரோக்கி வந்து அதனைக் கலைத்தது. அங்கே என் குரல் தானாகவே உயர்ந்தது. அச்சொல்லின் பொருளும் உடன் எழுந்து நின்றது. ஒழுங்கிற்குப் பழகிய செவிக்கே அம்மாற்றம் கேட்கும். யாப்பு கவிஞரைக் கட்டுப்படுத்தும் விலங்கு என்பாருக்கு இவ்வடிகளே மறுமொழி.

பார்வையற்ற கவிஞரின் நினைவில் அடிகளை நிலைநிறுத்தியதும் இவ்வோசை ஒழுங்கே என்று நான் கருதுகிறேன். சீர் பிரித்தல் தேர்வுக்குரிய பயிற்சி மட்டுமன்று. ஆங்கிலச் செய்யுளாயினும் தமிழ்ச் செய்யுளாயினும், மாணவர்களே, முதலில் வாய்விட்டுப் படியுங்கள். பின்னர்த் தாளில் அலகிடுங்கள். செவி முன்னரே அறிந்ததைத்தான் கை குறித்துக்கொண்டிருக்கும்.