'திருத்தாதீர்கள்' கோப்பின் பூர்வீகம்

பழைய ஜாவா புராஜெக்ட் ஒன்றைப் புது சர்வருக்கு மாற்றும்போது, டெர்மினலில் 'டபிள்யூஎஸ்இம்போர்ட்' என்று அடித்தேன். அப்படியொரு கட்டளையே இல்லை என்றது. ஜாவா 6 முதல் ஜேடிகேவுடன் சேர்ந்தே வந்த கருவி. 2018-இல் வெளியான ஜாவா 11-இல் எடுத்துவிட்டார்கள். தனியாக இறக்கி நிறுவி, டபிள்யூஎஸ்டிஎல் முகவரியைக் கொடுத்ததும் ஃபோல்டர் நிறைய கிளாஸ்கள் வந்து விழுந்தன. கோப்புகளின் தலையில், இது கருவி உருவாக்கியது என்ற குறிப்பு. ஆள் எழுத வேண்டிய கோடைக் கட்டளையே எழுதட்டும் என்று யாருக்கு முதலில் தோன்றியிருக்கும்? தேட ஆரம்பித்தேன்.

டபிள்யூஎஸ்டிஎல் அவ்வளவு பழையதில்லை. ஒரு சேவையிடம் என்னென்ன கேட்கலாம், பதில் எந்த வடிவில் வரும் என்பதை எக்ஸ்எம்எல்லில் எழுதிவைக்கும் முறை அது. அதன் 1.1 பதிப்பை அரிபா, ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2001 மார்ச்சில் டபிள்யூ3சியிடம் கொடுத்தன. ஆனால் எக்ஸ்எம்எல் வருவதற்கு முன்பே, 1991-இல், இதேபோல் சேவையின் விவரத்திலிருந்து கோடை உருவாக்கவைக்கும் கோர்பா என்ற தரநிலை இருந்தது. அதற்கும் முன்னால் சன் மைக்ரோசிஸ்டம்ஸின் 'ஆர்பிசிஜென்'.

ஆர்பிசிஜென் லினக்ஸில் இன்றும் கிடைக்கிறது என்பதால் ஓட்டியே பார்த்தேன். இரண்டு எண்களைக் கூட்டும் ஒரு செயலை மட்டும் சில வரிகளில் விவரித்துக் கொடுத்தேன். ஒரு ஹெடர், கிளையன்ட்டுக்கு ஒரு கோப்பு, சர்வருக்கு ஒன்று, தரவை மூட்டை கட்டிப் பிரிக்க ஒன்று என எல்லாம் சி மொழியில் வந்தன. தலையில் 'தயவுசெய்து இந்தக் கோப்பைத் திருத்தாதீர்கள்' என்ற பொருளில் ஒரு வேண்டுகோள். கிளையன்ட் கோப்பைத் திறந்தால் டைம்அவுட் 25 விநாடி. அழைப்பு தோற்றால் 'நல்' திரும்பி வரும், அவ்வளவுதான்.

தேடல் போய் நின்ற இடம் கலிஃபோர்னியாவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடம். ஆண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன் இருவரும் 1984-இல் வெளியிட்ட கட்டுரையில் 'லூபைன்' என்ற கருவி வருகிறது. மெசா மொழியில் எழுதிய இன்டர்ஃபேஸைக் கொடுத்தால், இரு முனைக்குமான இடைக்கோடை அதுவே எழுதிவிடும். நெட்வொர்க் நிபுணர்கள் மட்டுமே செய்துவந்த வேலையை மற்றவர்களும் செய்ய முடிய வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். பக்கத்தில் இருக்கும் ஃபங்ஷனைக் கூப்பிடுவதுபோலவே தூரத்து மெஷினில் இருப்பதையும் கூப்பிட்டுவிடலாம்.

அதே கட்டுரையில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. அழைப்புக்குப் பதில் வந்தால், அந்தச் செயல் சரியாக ஒருமுறை நடந்திருக்கிறது என்று நம்பலாம். பதிலுக்குப் பதிலாக எக்செப்ஷன் வந்தால், ஒருமுறை நடந்திருக்கலாம், நடக்காமலும் இருந்திருக்கலாம்; எது என்று அழைத்தவருக்குச் சொல்லப்படாது.

கூட்டல் கணக்கென்றால் தயங்காமல் மறுபடி கூப்பிடலாம். பணப் பரிமாற்றமென்றால்? கணக்கிலிருந்து பணம் போய்விட்டதா, இல்லையா? லூபைன் முதல் டபிள்யூஎஸ்இம்போர்ட் வரை எந்தக் கருவியும் இதற்குத் தானாக விடை எழுதித் தருவதில்லை. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனி எண் கொடுத்து, அதே எண் இரண்டாம் முறை வந்தால் சர்வர் அடையாளம் கண்டு நிறுத்த வேண்டும். அதை எழுத, அந்தப் பணம் யாருடையது, இரண்டு முறை போனால் என்ன ஆகும் என்று தெரிந்த ஆள்தான் உட்கார வேண்டியிருக்கிறது.