பர்வதமலை ஏறுமுன்

மலைவழியின் இடர்களை முன்கூட்டியே சொல்லி வழிப்போக்கரை ஆயத்தப்படுத்தும் பழக்கம் நம்மவர்க்குப் புதிதன்று. நன்னனை நாடிச் செல்லும் கூத்தருக்கு, பாசி படிந்து வழுக்கும் பாறை, பாம்பு ஒடுங்கியிருக்கும் குழி, தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல் என ஒவ்வொன்றையும் எடுத்துரைக்கிறது மலைபடுகடாம். அதில் காரியுண்டிக் கடவுள் உறைவதாகக் கூறப்படும் நவிரமலையே இன்றைய பர்வதமலை என்பர் அறிஞர் பலர்.

திருவண்ணாமலை மாவட்டத்தில், தென்மாதிமங்கலத்தின் அருகே சுமார் 4,500 அடி உயரத்தில் நிற்கிறது இம்மலை. உச்சியில் மல்லிகார்ஜுனரும் பிரமராம்பிகையும் எழுந்தருளியுள்ளனர். அடியார்களே தம் கையால் சுவாமிக்கு அபிஷேகமும் அர்ச்சனையும் செய்யலாம் என்பது இத்தலத்தின் தனிச்சிறப்பு. அந்த ஒரு பேற்றுக்காகவே என் மனைவி நெடுநாளாக வேண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மூட்டுவலி. ஆகவே அறுபத்தெட்டு வயதில் நான் புறப்பட வேண்டியதாயிற்று.

மூன்று மாதம் ஆயத்தம் செய்தேன். முதலில் மருத்துவரிடம் சென்று இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்துக்கொண்டேன். இதனைத் தவிர்ப்பது பக்தி ஆகாது. பின்னர் நாள்தோறும் நடை. அதற்குமேல் திருக்கழுக்குன்றத்தின் 565 படிகள், இறுதியில் சோளிங்கர் பெரியமலையின் 1,305 படிகள். சமநிலத்தில் பத்துக் கல் நடப்பவருக்கும் படி இறங்கும்போது முழங்கால் நடுங்கும் என்பதைச் சோளிங்கரில்தான் கண்டுகொண்டேன். ஏறுவதற்கு மூச்சு வேண்டும். இறங்குவதற்கு முழங்கால் வேண்டும்.

சுமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கையில் பை எடுத்துச் செல்லலாகாது, குரங்குகள் பறித்துவிடும். அன்றியும் மேலே இரு கைகளும் தேவை. முதுகில் மாட்டும் பையில் மூன்று லிட்டர் தண்ணீர், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, பேரீச்சம்பழம், கைவிளக்கு, வழக்கமான மாத்திரைகள். அபிஷேகத்துக்குச் சிறு புட்டியில் பன்னீர், சந்தனம், வில்வம். பௌர்ணமிக் கூட்டத்தில் முதியோர் செல்லாதிருப்பதே நன்று. மழை நாளில் எவருமே செல்லலாகாது. மலையேற விடும் நேரத்தையும் விதிகளையும் அடிவாரத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பச்சையம்மன் கோயிலில் மனைவியை அமரச் செய்துவிட்டு, விடியலில் ஏறத் தொடங்கினேன். படிகள் முடிந்ததும் கற்பாதை. பாறைகளுக்கிடையே கால் வைக்கும் இடத்தைத் தேடித்தேடி ஏற வேண்டும். மூங்கில் தடி அதுவரை உற்ற துணை. அதன்பின் கடப்பாறைப் பாதை: செங்குத்தான பாறையில் இரும்புக் கடப்பாறைகளை அறைந்து சங்கிலி பூட்டியிருக்கிறார்கள். அங்கே தடியும் பாரமே.

நாலைந்து கடப்பாறை ஏறியதும் வலது முழங்கால் மடங்க மறுத்தது. மூச்சில் குறையில்லை, பயமும் இல்லை. ஆயினும் இறங்கும்போது இதே கால்தானே தாங்க வேண்டும் என்று எண்ணினேன். கீழே ஒருத்தி காத்திருக்கிறாள். சங்கிலியைப் பற்றியபடி நெடுநேரம் நின்றேன். பின்னால் வந்த இளைஞர் ஒருவர், “ஐயா, கை கொடுக்கட்டுமா?” என்றார். “கை வேண்டாம் தம்பி, இதை வாங்கிக்கொள்ளுங்கள்” என்று அபிஷேகப் பொருட்களைக் கொடுத்து, மனைவியின் பெயரையும் நட்சத்திரத்தையும் இருமுறை சொன்னேன். அவரும் திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டு ஏறினார்.

மெல்ல இறங்கி, பாறை நிழலில் மூன்று மணி நேரம் அமர்ந்திருந்தேன். அங்கிருந்து சிகரம் தெரிந்தது, கோயில் தெரியவில்லை. இளைஞர் திரும்பி வந்து, வாழையிலைத் துண்டில் மடித்த திருநீற்றையும், சுவாமி மேலிருந்து எடுத்த வில்வத்தையும் கொடுத்தார். சந்தனத்தின் ஈரம் அதில் இன்னும் காயவில்லை.

பச்சையம்மன் கோயிலை அடையும்போது வெயில் சாய்ந்திருந்தது. நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். மனைவி திருநீற்றை நெற்றியில் இட்டு, என் முழங்காலிலும் தடவினாள்.

“அந்தப் பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுத்தீர்களா?” என்று கேட்டாள்.

இட்லி முழுவதையும் அவருக்கே கொடுத்திருந்தேன்.