கிணறு வளர்த்த நகரம்

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் பெரிய சாலையை விட்டு ஏதாவது ஒரு சந்துக்குள் திரும்பினால் போதும், லேத் ஓடும் சத்தம் வரவேற்கும். ஒரு பட்டறையில் பம்பின் இரும்புக் கூட்டைக் கடைந்துகொண்டிருப்பார்கள். அடுத்ததில் மோட்டாருக்குத் தாமிரக் கம்பி சுற்றுவார்கள். இன்னும் நாலு கதவு தள்ளி பெயின்ட் வாசனை அடிக்கும். ஒரே பம்பு முழு உருவம் பெறுவதற்குள் பல பட்டறைகளின் வாசலை மிதித்துவிடும். இந்தியா முழுக்கத் தோட்டங்களிலும் வீடுகளிலும் ஓடும் பம்புகளில் பெரும் பங்கு இந்த ஊர்ச் சரக்குதான்.

இரும்புச் சுரங்கமோ, நிலக்கரியோ, துறைமுகமோ இல்லாத ஊருக்கு இந்தத் தொழில் எப்படி வந்தது? விடை ஊருக்குக் கிழக்கே, சூலூர், பல்லடம், அவிநாசி பக்கத்துத் தோட்டங்களில் இருக்கிறது. சிறுவாணித் தண்ணீரின் ருசிக்குப் பெயர்போன கோவையைச் செழிப்பான பூமி என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துக்கொள்ள, கிழக்கே காய்ந்த மேட்டுக்காடுதான். வெள்ளாமை வேண்டுமென்றால் பாறையை உடைத்துக் கிணறு வெட்ட வேண்டும். கொங்கு நாட்டுக் கிணறு, வீட்டுக் கிணறு போல வட்டமாகச் சின்னதாக இருக்காது. சதுரமாக, ஒரு வீட்டையே உள்ளே இறக்கிவிடலாம் போல் அகன்று கிடக்கும்.

அந்த ஆழத்திலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவந்தது கவலை. மற்ற ஊர்களில் கமலை என்பார்கள். கிணற்றுமேட்டில் சரிவான பாதை, வடக்கயிற்றில் கட்டிய சால், அதை இழுக்க ஒரு ஜோடி மாடு. மாடுகள் சரிவில் இறங்கும்போது சால் மேலே வந்து வாய்க்காலில் கொட்டும். பின்னோக்கி ஏறும்போது கிணற்றுக்குள் இறங்கும். விடிவதற்கு முன்பே கவலை பூட்டி வெயில் ஏறும்வரை இறைத்தாலும் நனைவது கொஞ்சம் நிலம்தான். மனிதனும் மாடும் சேர்ந்து தேய்கிற வேலை அது.

1888-ல் ஸ்டேன்ஸ் பஞ்சாலை வந்தது. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் வந்தன. கிணற்றுப் பாசனத்தில் நன்றாக விளையும் கம்போடியா பருத்திக்குக் கிராக்கி ஏற, இன்னும் தண்ணீர் தேவைப்பட்டது. ஆயில் இன்ஜின் வாங்க வசதியுள்ளவர்கள் வாங்கினார்கள். அப்புறம் 1932-ல் நீலகிரி மலைமேல் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கியது. ஆலைகளுக்காக வந்த கரண்ட் மெல்ல மெல்லத் தோட்டத்துக் கிணறுகளுக்கும் போயிற்று.

பம்பு செய்யும் கை அதற்குள் தயாராகவே இருந்தது. பஞ்சாலை இயந்திரங்களைப் பழுது பார்த்துப் பழகிய கைகள் அவை. 1926-ல் பீளமேட்டில் பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் தொடங்கியது. இந்தியாவின் முதல் மின் மோட்டார் 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து செய்தது என்று கோவைக்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அதைவிட ஆச்சரியம், தோட்டம் வைத்திருந்த குடும்பங்களிலிருந்தே வார்ப்படப் பட்டறை வைக்கும் பிள்ளைகள் வந்தது. கிணற்றில் என்ன தகராறு வரும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

இதே கைவேலை அடுப்படிக்கும் வந்தது. 1955-ல் சபாபதி என்பவர் இங்கே உருவாக்கியதுதான் வெட் கிரைண்டர். ஊத்துக்குளிக் கல்லும் கோவை மோட்டாரும் சேர்ந்த அந்தக் கருவி எத்தனை பெண்களின் தோள்வலியைக் குறைத்தது என்பதற்குக் கணக்கு கிடையாது. கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

கிணற்று பம்புக்கு ஒரு பலவீனம் உண்டு. அது தண்ணீரை உறிஞ்சி எடுக்கக்கூடியது ஏறக்குறைய 25 அடிக்குத்தான். அதற்கு மேல் எவ்வளவு பெரிய மோட்டார் போட்டாலும் உறிஞ்சாது. காற்றின் அழுத்தம் அவ்வளவுதான் தூக்கிக் கொடுக்கும். அதனால் நீர்மட்டம் இறங்க இறங்க, கிணற்றுச் சுவரில் மேடை கட்டி பம்பையும் கீழே இறக்கினார்கள். மறுபடி தண்ணீர் இறங்கியது, மேடையும் இறங்கியது. பழைய கிணறுகளின் பக்கச் சுவரில் ஒன்றின்கீழ் ஒன்றாகக் கைவிடப்பட்ட மேடைகளை இன்றும் பார்க்கலாம். எந்தக் காலத்தில் தண்ணீர் எங்கே நின்றது என்று எழுதிவைத்த மாதிரி இருக்கும்.

மோட்டார் வந்தபின் விவசாயியின் வாழ்வும் சாவும் மின்கட்டணத்தோடு முடிச்சுப் போட்டுக்கொண்டன. கட்டணம் யூனிட்டுக்குச் சில பைசா ஏறியதை எதிர்த்து 1970-ல் கிளம்பிய போராட்டத்தில், பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டுக்கு மூன்று விவசாயிகள் பலியானார்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரத்தையே நிறுத்தினார்கள். மோட்டாருக்கான கரண்டைக் கேட்க, அந்த மோட்டார் ஓரங்கட்டிய மாடுகளே வண்டி இழுத்து வந்தன. சிறு விவசாயிகளுக்கு 1984-லும், எல்லா விவசாயிகளுக்கும் 1990-லும் இலவச மின்சாரம் கிடைத்தது.

கட்டணக் கவலை தீர்ந்தது. தண்ணீர்க் கவலை தீரவில்லை. கிணற்றுக்குள் போர் போட்டார்கள். கம்ப்ரசர் வைத்துக் குழாய்க்குள் காற்றை அடித்துத் தண்ணீரைத் தள்ளினார்கள். அடுத்து நீர்மூழ்கி மோட்டார் வந்தது. மெலிந்து நீண்ட அந்த மோட்டார் தண்ணீருக்குள்ளேயே நின்று மேலே தள்ளுவதால், பழைய 25 அடிக் கட்டுப்பாடு அதற்கு இல்லை. இன்று ஆயிரம் அடி போர் என்றால் இந்தப் பக்கத்தில் யாரும் புருவம் உயர்த்துவதில்லை. ஆழம் கூடக் கூட அதற்கேற்ற பம்பை கோவை செய்து கொடுத்தது. பம்பு ஜெயித்த ஒவ்வொரு தடவையும் கிணறு தோற்றது.

2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்துக்காக இந்த மக்கள் காத்திருந்தது 60 ஆண்டுகளுக்கும் மேல். காலிங்கராயன் அணைக்கட்டுப் பகுதியிலிருந்து பவானியின் உபரிநீரைக் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகிறார்கள், நிலத்தடி நீர் மீண்டும் ஊறட்டும் என்று. தண்ணீர் தானாக மேட்டுக்கு ஏறாது. அதனால் வழியில் ஆறு இடங்களில் நீரேற்று நிலையங்கள் கட்டியிருக்கிறார்கள். அங்கே இரைந்துகொண்டிருப்பதும் பம்புகள்தான்.