அப்பாவுக்கு முகச்சவரம்

"நான் இன்னும் உயிரோடதானே இருக்கேன், அப்புறம் எதுக்கு இந்தத் தாடி?"

அம்மா இதைக் கேட்டது அப்பாவிடம். ஆனால் பதில் சொல்ல வேண்டியவன் நான். அப்பாவின் தாடிக்குக் காரணம் துக்கம் அல்ல, என் கை.

போன வருடம் தைப்பூசம் முடிந்து மூன்றாவது வாரம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வாயின் இடது ஓரம் கீழே இறங்கியது. பேச்சு குழறியது. பதினோரு நாள் அரசாங்க மருத்துவமனையில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். எப்படித் தூக்கி உட்கார வைப்பது, எப்படிச் சோறு ஊட்டுவது, எந்த மாத்திரையை எப்போது கொடுப்பது என்று தாதி பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். சவரம் பற்றி யாரும் பேசவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். மாலையில் எண்ணெயும் கரியுமாகத்தான் வீடு திரும்புவார். ஆனால் காலையில் அவர் முகத்தில் ஒரு முடி இருக்காது. குவார்ட்டர்ஸ் குளியலறையில் ஆணியில் தொங்கும் சின்னக் கண்ணாடி, அலுமினியக் குவளை, குளிக்கிற சிவப்புச் சவர்க்காரம், இரண்டு பக்கமும் வெட்டும் பிளேடு. இவ்வளவுதான் அவர் சாமான். சவர்க்காரத்தை நேராகக் கன்னத்தில் தேய்ப்பார். கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே நான்கு இழுப்பு. கடைசியில் படிகாரத் துண்டை நனைத்து முகம் முழுக்க ஒரு தேய்ப்பு. விடுமுறை நாளிலும் இது தவறாது. "மொகத்தப் பார்த்தே அந்த வீட்டுல நல்லதா கெட்டதான்னு சொல்லிடலாம்" என்பார். தாத்தா இறந்து பதினாறு நாள் மட்டும்தான் அவரை நான் தாடியோடு பார்த்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவருக்கு நான் முதன்முதலாகச் சவரம் செய்தது ஒரு திங்கட்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில். குழாயில் வந்த குளிர்ந்த தண்ணீர், குளியல் சவர்க்காரம், நான் ஒரு வாரமாகப் பயன்படுத்திய ரேசர். அவர் எப்படிச் செய்தாரோ அப்படித்தானே நானும் கற்றுக்கொண்டேன்! "அப்பா, கன்னத்த உப்புங்க" என்றேன். வலது கன்னம் உப்பியது. இடது கன்னம் அப்படியே தொங்கியது. வாயோரத்தில் காற்று கசிந்தது. தளர்ந்த தோலில் ரேசர் தட்டித் தட்டிப் போனது. தாடைக்குக் கீழே ஒரு கீறல், வாயோரத்தில் ஒன்று.

சின்னக் கீறல்தான். ஆனால் இரத்தம் உறையாமல் இருக்க அவர் தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். நிற்க வெகு நேரம் ஆனது. அன்று நான் வேலைக்குத் தாமதம்.

இரண்டாம் முறையும் அதே கதை. மூன்றாம் முறை ரேசரை எடுத்ததுமே அப்பா வலது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வே...ணாம்" என்றார். அந்தப் பிடியில் இருந்த பலம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

தாடி வளர்ந்தது. வெள்ளைத் தாடி, ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு. அக்காவின் சம்பந்தி வீட்டார் பார்க்க வந்தபோது அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பகலில் தூங்கிப் பழக்கமில்லாத மனிதர் அவர்கள் போகும்வரை தூங்குவதுபோல் கிடந்தார். அன்று மாலைதான் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

எங்களுக்குப் பழக்கமான முடிதிருத்தகத்து அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். ஒரு கீறல் இல்லாமல் முடித்தார். "வாராவாரம் வாங்கண்ணே" என்றதற்கு, "கடையில ஆள் பத்தலை தம்பி, இன்னிக்கே ரெண்டு பேர உக்கார வச்சிட்டு வந்தேன்" என்றார். அவர் வேலை செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சவரம் செய்த நேரத்தைவிட முகத்தை நனைத்துக்கொண்டிருந்த நேரம்தான் அதிகம். அப்போது எனக்கு அதன் பொருள் புரியவில்லை.

மின்சார ரேசர் வாங்கிப் பாருங்கள் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். வாங்கினோம். நீண்டிருந்த முடியை அது வெட்டுவதைவிட இழுத்ததுதான் அதிகம். அப்பாவின் கண்ணில் நீர் வந்துவிட்டது. அது அலமாரிக்குள் போனது.

வழி வந்தது என் மகனிடமிருந்து. அவனுக்கு வயது பதினேழு. முகப்பரு வந்த நாளிலிருந்து குளியலறையின் பாதித் தட்டு அவனுக்குச் சொந்தம். ஒருநாள் நான் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தேன். இருபது வருடமாகச் சவரம் செய்த மறுநாள் என் கழுத்தில் சிவப்புச் சிவப்பாகப் பொரியும். சட்டைக் கழுத்துப் பட்டை உரசினால் எரியும். நம் தோலே இப்படித்தான் என்று விட்டிருந்தேன். விளம்பரம் பார்த்து வாங்கிய விலை உயர்ந்த கிரீம்கள் எத்தனையோ வீணாகிவிட்டன.

"குளிக்கிற சவர்க்காரத்தப் போட்டுச் சவரம் பண்ணா தோல் காஞ்சிடும்பா. மொதல்ல இதால மொகத்தக் கழுவுங்க" என்று ஒரு நீல ட்யூபை நீட்டினான். ஃபேஸ் வாஷ். விலை 8 வெள்ளி 90 காசு. மருந்தகத்தில் அடித்தட்டில் கிடப்பது.

பெரிய நம்பிக்கை இல்லாமல்தான் தொடங்கினேன். ஒரு வாரத்தில் கழுத்தில் எரிச்சல் குறைந்தது. இரண்டாவது வாரம் மருந்தகத்துக்குப் போய், அங்கிருந்த பெண்ணிடம் காரணத்தைக் கேட்டேன். அவர் சொன்னதையும் பிறகு நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

உலர்ந்த தாடி முடி கம்பி மாதிரி. தண்ணீரில் ஊறினால் உப்பி மென்மையாகும். பிளேடு சுலபமாக வெட்டும். ஊறுவதற்கு இரண்டு மூன்று நிமிடமாவது வேண்டும். ஆனால் முகத்தில் இயற்கையாகச் சுரக்கும் எண்ணெய், வியர்வை, உதிரும் தோல், நேற்றுப் பூசிய கிரீம் எல்லாம் சேர்ந்து முடியின் மேல் ஒரு படலமாக நிற்கின்றன. முதலில் அதை எடுக்க வேண்டும். சவர்க்காரமும் எடுக்கும்தான். ஆனால் சவர்க்காரம் காரத்தன்மை கொண்டது. அமில, கார அளவைக் குறிக்கும் பி.எச். கணக்கில் அது பெரும்பாலும் 9-லிருந்து 10 வரை இருக்கும். நம் தோலின் மேற்பரப்போ 5-க்குப் பக்கத்தில். அதனால் சவர்க்காரம் அழுக்கோடு தோலின் ஈரப்பசையையும் கொண்டுபோய்விடுகிறது. காய்ந்து இறுகிய தோலில் பிளேடு சறுக்காது, பிறாண்டும். மென்மையான ஃபேஸ் வாஷ்கள் பெரும்பாலும் தோலின் அளவுக்கு நெருக்கமாகத் தயாரிக்கப்படுகின்றன.

என் கழுத்துப் பொரிக்கு இன்னொரு காரணமும் இருந்தது. சுருண்ட முடியை எதிர்த்திசையில் ஒட்ட மழித்தால், வெட்டுப்பட்ட கூரான முனை வளைந்து மறுபடி தோலுக்குள்ளேயே குத்திக்கொள்ளும். அதுதான் பொரி. நம்மில் பலருக்குத் தாடி முடி சுருள்தான். மழமழவென்று இருக்கவேண்டும் என்று நான் கீழிருந்து மேலே இரண்டு தடவை இழுத்துக்கொண்டிருந்தேன். அதை நிறுத்திவிட்டேன். ஆகவே பாதிப் புகழ் ட்யூபுக்கு, பாதி அந்த நிறுத்தத்துக்கு.

பிறகு அப்பாவிடம் போனேன். ரேசரை எடுத்துக்கொண்டு போகவில்லை. "மொகம் மட்டும் கழுவி விடறேம்பா" என்றேன். சந்தேகமாகப் பார்த்தார், தலையசைத்தார்.

வெதுவெதுப்பான தண்ணீரில் துண்டை நனைத்துப் பிழிந்து முகத்தில் வைத்தேன். ஒரு நிமிடம். பிறகு பட்டாணி அளவு ஃபேஸ் வாஷை உள்ளங்கையில் தண்ணீர் விட்டு நுரைத்து, விரல் நுனியால் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தேன். கன்னம், தாடை, காதோரம், கழுத்து. கண்ணுக்கும் வாய்க்கும் எட்டாமல் பார்த்துக்கொண்டேன். ஈரத்துண்டால் துடைத்தபோது துண்டில் மங்கலாக அழுக்கும், வெள்ளைச் செதிலும் வந்தன. எனக்கு வெட்கமாக இருந்தது. ஒவ்வொரு நாளும் குளிப்பாட்டுகிறோம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் முகத்தை ஈரத்துணியால் ஒரு துடைப்பு துடைத்துவிட்டு, கை கால்களைக் கவனிக்கப் போய்விடுவோம்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை தூங்குவதுபோல் அல்ல.

நான்கு நாள் இதை மட்டும் செய்தோம். ஐந்தாம் நாள் அவரே வலது கையால் தாடியைத் தொட்டுக்காட்டி, கத்திபோல் விரலை இழுத்தார்.

நீண்ட முடியை முதலில் கத்தரியால் குட்டையாக்கினேன். முகத்தைக் கழுவி, துடைத்து, ஈரம் காயும் முன்பே மீண்டும் கொஞ்சம் ஃபேஸ் வாஷை மெல்லிய படலமாகப் பூசி, அதன்மேல் சவரக் கிரீமைத் தடவினேன். இது மகன் சொல்லிக் கொடுத்தது. ரேசர் நன்றாக வழுக்கிக்கொண்டு போகும். ஃபேஸ் வாஷ் மட்டும் போதும் என்று கிரீமை விட்டுவிடக் கூடாது. புது ரேசர். இடது கையால் தோலை மேல்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டு, முடி வளரும் திசையிலேயே குட்டைக் குட்டையாக இழுத்தேன். உப்பாத இடது கன்னத்துக்கு, நன்றாகக் கழுவிய விரலை வாய்க்குள் விட்டு உள்ளிருந்து மெல்லத் தள்ளிக்கொண்டேன். அரை மணி நேரம் ஆனது. கீறல் இல்லை. பழக்கத்தில் படிகாரத்தைத் தேடினார். அது எரியும் என்று சொல்லி, குளிர்ந்த தண்ணீர்த் துண்டை வைத்தேன்.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கொண்டுவந்து அப்பாவின் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

வீட்டில் இப்படி ஒருவரைக் கவனித்துக்கொள்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ட்யூப் வாங்கும்போது நறுமணம் சேர்க்காததாகப் பாருங்கள். மணல்மணலாக இருக்கும் ஸ்கிரப் வேண்டாம். 'குளுகுளு' என்று ஏறும் புதினா வகையும், கடுமையான பரு மருந்து கலந்ததும் மழித்த தோலில் எரியும். முதல் நாள் காதோரம் கொஞ்சம் தடவிப் பாருங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவராக இருந்தால், எதற்கும் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். பலருக்கு மின்சார ரேசர்தான் பாதுகாப்பு. அப்படியானால் முகத்தைக் கழுவி நன்றாக உலர்த்திவிட்டு அதைப் பயன்படுத்துங்கள். எங்கள் அலமாரியில் கிடந்ததையும் இப்போது அப்படித்தான் நடுநடுவே எடுக்கிறோம். இழுக்கவில்லை.

இப்போது வாரத்துக்கு மூன்று காலை நான் அரை மணி நேரம் முன்னதாக எழுகிறேன். அப்பா என்னை வளர்த்த வருடங்களில் அவர் முகத்தை நான் தொட்டதே இல்லை. தாடையில் ஒரு பழைய தழும்பு இருக்கிறது. பட்டறையில் இரும்புத் துண்டு தெறித்ததாம். ஐம்பது வயதில்தான் எனக்கு அது தெரிந்தது.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு வழக்கம்போல் இடது கன்னத்துக்கு வந்தேன். விரலைக் கொண்டுபோனேன். அப்பா தலையை ஆட்டி என் கையைத் தள்ளினார். கண்ணை இறுக்கினார். இடது கன்னம் மெல்ல எழுந்தது. முழுதாக அல்ல, பாதி. ரேசரை வைக்கப் போகும்போது வாயோரம் காற்று 'புஸ்' என்று வெளியேற, நுரை தெறித்து என் வேலைச் சட்டையெல்லாம் ஆனது.

அப்பா சிரித்தார். அடுப்படியிலிருந்து அம்மா, "என்ன சத்தம் அங்க?" என்றார்.

"ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிட்டு, "இன்னொரு தடவ உப்புங்கப்பா" என்றேன்.