அம்மாவின் நான்கு புடவைகள்

தையல் மிஷினை நேர்கோட்டில் ஓடுகிற பிராணி என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். துணியை வைத்தால் அடியிலிருக்கும் பல்வரிசை அதைக் கவ்விப் பின்னுக்குத் தள்ளும். நாம் சும்மா பிடித்துக் கொண்டால் போதும். அந்தப் பற்களை மறைத்துவிட்டால்? ஊசி நின்ற இடத்திலேயே குத்திக் கொண்டிருக்கும். துணி எங்கே போக வேண்டும் என்பதை நம் இரண்டு கைகளும்தான் தீர்மானிக்க வேண்டும். பேனாவை அசையாமல் வைத்துக் கொண்டு காகிதத்தை நகர்த்திக் கையெழுத்துப் போடுவது மாதிரி! நாற்பது வயதுக்கு மேல் இந்த வித்தையைப் படிக்க உட்கார்ந்தேன்.

காரணம், அம்மாவின் நூல் புடவைகள். எங்கள் ஆலங்குளத்துப் பக்கம் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது பீடித் தட்டினால். அம்மாவும் முப்பது வருஷம் தட்டை மடியில் வைத்து இலை சுருட்டினவள். போன தையில் அவள் காலமான பிறகு பெட்டியைத் திறந்தால், துவைத்து மடித்த நான்கு புடவைகளிலும் புகையிலை வாசனை.

"யாருக்காவது குடுத்திரலாம்க்கா" என்றாள் தென்காசியிலிருந்து வந்திருந்த தங்கை.

தானம் கொடுக்கிற அளவுக்கு அவை நல்ல புடவைகள் இல்லை. எறிகிற அளவுக்கு எனக்கு நெஞ்சும் இல்லை.

பழம் புடவைகளை அடுக்கித் தைத்துப் போர்வையாக்குவது நம் தேசத்துக்குப் புதிதல்ல. வங்காளத்தில் காந்தா என்பார்கள். வட கர்நாடகத்தில் ஆப்பிரிக்க வம்சத்தவரான சித்திப் பெண்கள், 'கவந்தி' என்று ஒன்று தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றிக் கையாலேயே ஓட்டுவார்கள். நான்கு மூலையிலும் துணிப்பூ வைத்தால்தான் அவர்களுக்குப் போர்வை பூர்த்தி.

அவ்வளவு பொறுமைக்கு நான் எங்கே போக? வீட்டில் கால்மிஷின் இருந்தது. கடைவீதியில் தையல் கடை வைத்திருக்கும் பெண் வந்து, பற்களின்மேல் ஒரு தகட்டைப் பொருத்தி, ஊசியைச் சுற்றி வட்டமான ஒரு பாதத்தை மாட்டிக் கொடுத்தாள்.

"காலும் கையும் ஒண்ணாப் போகணும்க்கா. கை முந்திச்சுன்னா தையல் நீண்டுரும். கால் முந்திச்சுன்னா ஒரே இடத்துல குமிஞ்சுரும்."

தாம்பத்தியத்துக்கும் பொருந்தும் போலிருக்கிறதே என்று நினைத்துக் கொண்டேன். தாம்பத்தியம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பிற்காலத்தில் காந்திகிராமத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜி. ராமச்சந்திரன், 1924-ல் டில்லியில் காந்தியடிகளிடம் இயந்திரங்களைப் பற்றிக் கேட்டார். சிங்கர் மிஷினுக்கு மகாத்மா விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்து அலுப்பதைக் காணப் பொறாமல் சிங்கர் அன்பினால் அதைச் செய்தார் என்பது அவர் எண்ணம். 1851-ல் காப்புரிமை பெற்ற அந்த சிங்கரோ, ஒரே காலத்தில் பல குடும்பம் நடத்திய மனுஷர்! மகாத்மாவுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

கத்தரி வைக்கவே இல்லை. இரண்டு புடவைகளை அகலவாட்டில் இணைத்து, இரண்டாக மடித்து, மற்ற இரண்டையும் பஞ்சுக்குப் பதிலாக நடுவில் பரப்பினேன். மிஷின் தையலுக்கு நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போக வேண்டும். அப்போதுதான் சுருக்கங்கள் வெளியே தள்ளப்படும். மிஷினின் கழுத்துக்குள் இடம் ஒரு சாண்கூட இல்லை. போர்வையைப் பாய்போலச் சுருட்டிச் சுருட்டி நுழைக்க வேண்டியிருந்தது.

நேர்கோட்டுக்குக் கனமான அக்ரிலிக் அளவுகோல் வேண்டும். பள்ளிக்கூடத்து மெல்லிய அளவுகோல் பாதத்துக்கு அடியில் நழுவி ஊசியிடம் போய் நிற்கும். பாதத்தின் ஓரத்துக்கும் ஊசிக்கும் கால் அங்குலம். ஆகவே கோடு விழ வேண்டிய இடத்திலிருந்து கால் அங்குலம் தள்ளி அதை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

ஓரிடத்தில் அளவுகோலை எடுத்து வைத்துவிட்டேன். முந்தானைப் பக்கம், அம்மா கையால் இழையோட்டி அடைத்த கிழிசல். பீடி கட்டுகிற நூலாலேயே தைத்திருக்கிறாள்! அதைச் சுற்றிக் கை போனபடி வளைந்து வளைந்து ஓட்டினேன். அன்று வேறு வேலை ஓடவில்லை.

ஆனிச் சாரலில் போர்வை முடிந்தது. தங்கை வந்தாள். விரித்துப் பார்த்தாள், அந்த இழையைத் தடவினாள், பேசாமல் மடித்துத் தன் பைக்குள் வைத்துக் கொண்டாள். வழக்குப் பேசி, ஆறு மாதம் அவளிடம், ஆறு மாதம் என்னிடம் என்று முடிவாயிற்று. சாரல் மாதங்கள் தனக்கே வேண்டுமாம். தென்காசியில்தான் குளிர் அதிகம் என்கிறாள்.